மலர் எழுதிய ஒரு வரி

மனோர் பார்க்,
11.03.1989, சனிக்கிழமை

அன்புள்ள மகன் இராசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் அப்பா, தங்கச்சி மலர், நான் மூவரும் சுகம். நீ அந்தக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு ஷிப்டில் நின்று நின்று வீங்கிய கால் இப்போது பரவாயில்லை. இதைத் தபாலில் போட மனம் வரவில்லை, பக்கத்து வீட்டு டொலறஸ் அக்கா செவ்வாய்க்கிழமை கனடாவுக்கு, உன் ரொறன்ரோவுக்கே வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மலரின் பள்ளிக்கூடத்தில், எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று, பிள்ளைகள் எழுதிய குடும்பக் கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் அடித்திருக்கிறார்கள். கவுன்சில் அதை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கப் போகிறதாம். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, மலரின் பக்கத்தை வாசிக்கும் மட்டும். பென்சிலால் உன் படத்தைக் கீறி, முழுப் பெயரும் போட்டு, என் அண்ணா வேறொருவருடைய பாஸ்போர்ட்டில் கனடா போனார், ஒருவராலும் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாள். இது அங்கே யார் கண்ணிலாவது பட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் அகதி வழக்குக்கு இன்னும் ஆறு கிழமைதானே. நானும் அப்பாவும் குசினியில் சமைத்தபடி கதைத்ததைக் கேட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நீ பெரிய வீரன், அவளை என்ன சொல்லி ஏசுவது? அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்போமென்றால், "நாங்களே காட்டிக் குடுக்கிறதோ, வாயைத் திறவாதை" என்று அப்பா மறித்துவிட்டார்.

வியாழக்கிழமை இந்தப் புத்தகம் பற்றிப் பெற்றோர் கூட்டம், மலரும் கூட வந்தாள். எங்கள் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்களா, வந்தேறியவர்களின் கதை படிக்க வருகிறார்களா என்று ஒரு வெள்ளைக்காரர் கத்தினார். எங்கள் தெரு ஆள்தான், மலரைக் கண்டால் தன் மகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறவர். புத்தகத்தை நிறுத்தச் சொல்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் தலைமை ஆசிரியை. நான் உயர்த்தினேன், இராசன். புத்தகம் நின்றால் நீ தப்பினாய் என்ற ஒரே நினைப்புத்தான். அந்த ஆள் திரும்பிப் பார்த்து என்னை மெச்சுவதுபோலத் தலையாட்டினார். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முடிவைத் திங்கட்கிழமை பின்னேரம் சொல்வார்களாம். வீட்டுக்கு நடக்கும்போது மலர் என் கையைப் பிடிக்கவில்லை. கதவடியில் நின்று, "நாங்கள் இஞ்சை இருக்கக் கூடாதெண்டோ அம்மா கை தூக்கினனீங்கள்?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் தன்னால்தான் அண்ணாவுக்கு ஆபத்து என்று அந்தப் பிள்ளை சுமக்க வேண்டும். கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டேன். அன்று தொடக்கம் அவள் என்னோடு கதைக்கவில்லை.

திங்கள் காலை அந்தத் தலைமை ஆசிரியையிடம் போகப் போகிறேன். நான் கை தூக்கியது பிழை, புத்தகம் இருக்கட்டும், அந்த வரியையும் பெயரையும் மட்டும் வெட்டிவிடுங்கள் என்று கேட்பேன். ஏன் என்று கேட்பார், சொல்லத்தான் வேண்டும். அப்பாவுக்கு இது தெரியாது. அந்த மனுசியை நம்பலாமா என்று உன்னைக் கேட்கவும் நேரமில்லை, இது உன் கையில் சேரும்போது சொல்லி முடித்திருப்பேன். ஏதும் பிசகினால் என்னைக் கோபித்துக்கொள், தங்கச்சியைக் கோபிக்காதே.

வழக்குக்கு அந்த நீலச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போ. ஒரு குறையும் வராமல் முருகன் உன் பக்கத்தில் நிற்பான், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. மலருக்குத் தனியாக நாலு வரி எழுது, அவள் கீறிய படத்தில் உன் மீசை நல்ல வடிவு என்று அம்மா சொன்னதாக.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவனேஸ்வரி