அப்பா, என்னைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்

அன்பும் கொஞ்சம் பயமுமாய் நான் அழைத்துப் பழகிய அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு நம் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார். ஞானமுத்து என்று பெயர், பட்டாளத்தில் ஆடியவர். நீங்கள் விசிலோடு நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அப்படியில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போனவர்கள், யார் வந்தாலும் சரி என்றிருந்தார்கள்.

முதலில் சில நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே சாமுவேலு, நீ நல்லாத்தான் ஓடுறே. ஆனா கோலுக்குக் கிட்டப் போனதும் தயங்குறே. எதிராளி எந்தப் பக்கம் வருவான்னு மட்டும் ஒனக்குச் சரியாத் தெரியுது. இனிமே பின்னால நில்லு.”

கேப்டனை, அதுவும் உங்கள் மகனை, ஒரே வார்த்தையில் தடுப்பு வரிசைக்கு அனுப்பிவிட்டார். என் இடத்தில் யாரை நிறுத்தினார் தெரியுமா? நாரணாபுரத்து மாரியப்பனை. லீவு நாளில் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, நகக்கண்ணில் வெள்ளி மருந்தோடு மைதானத்துக்கு வருவானே, அவனைத்தான். நீங்கள் அவனை எப்போதும் வெளியே உட்கார வைத்திருந்தீர்கள். ‘களைத்து வருகிற பையன், பாவம், ஓடவிட வேண்டாம்’ என்பீர்கள். உங்களுக்கு எவ்வளவு இளகிய மனது என்று பெருமைப்பட்டவன் நான்.

மாரியப்பனுக்கு என் இடத்தில் நிற்கக் கூச்சம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டே சொன்னான்: “ஒங்க அய்யா எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருந்தா, ஓடுவேன்னு சொல்லியிருப்பேண்ணே.” குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அது இரக்கம்தானா, அப்பா? இல்லை, என்னை முன்னால் நிறுத்த உங்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததா? அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் உங்கள் மனதின் மூலையில் எங்காவது கிடந்ததா? நீங்கள் இருந்தபோது இதை முகத்துக்கு நேரே கேட்டிருக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை விருதுநகர் அணி வந்தது. நம்மை எப்போதும் அடித்துவிட்டுப் போகிறவர்கள். இடைவேளைவரை யாருக்கும் கோல் இல்லை. பிறகு அவர்களுடைய நெட்டை ஆள் வலப்பக்கமாக வெட்டி வந்தான். வருவான் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பந்தைப் பறித்து நீளமாக அடித்தேன். மாரியப்பன் துரத்திப் பிடித்தான், தயங்கவே இல்லை. கோல் போட்டுவிட்டு நேரே என்னிடம்தான் ஓடி வந்தான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் கத்தினேன். அந்த நேரத்தில் உங்கள் நினைவே எனக்கு வரவில்லை, அப்பா.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். டீக்கடையில் யாரோ சொன்னார்: “முன்னால இருந்தவரு தங்கமான மனுசன். ஆனா ஆட்டம் தெரியாது.” பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா, “செயிச்சீகளாலே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்பா இருந்தா என்னம்மா சொல்லியிருப்பாக?” என்று கேட்டேன்.

அம்மா அடுப்பைத் தணித்தாள். “சந்தோசப்பட்டிருப்பாக. பொறவு ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசாம இருந்திருப்பாக” என்றாள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒரு வெற்றி வந்துவிட்டது. ஆனால் இது நிற்குமா? தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இனி விளையாட்டுக்கு அனுப்ப முடியாது என்று மாரியப்பனின் அப்பா சொல்லிவிட்டார். அவன் கூலி இல்லாமல் அந்த வீடு எப்படி நடக்கும்? “போயிப் பேசிப் பாப்போம்” என்கிறார் கோச். பேசி என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நாளைக் காலை அவரோடு நாரணாபுரத்துக்கு நானும் போகிறேன். மாரியப்பனால் முடியுமா முடியாதா என்று அவனுக்காக நான் முடிவு செய்ய மாட்டேன். அவனிடமே கேட்பேன். முடியாது என்று சொன்னாலும் அவன் வாயால் கேட்டுக்கொண்டு திரும்புவேன். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாராவது கேட்டால், பழைய கோச்சின் மகன் என்று தலைநிமிர்ந்து சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள்மேல் வருத்தம் தீராத, பாசமும் குறையாத
உங்கள் மூத்த மகன்,
சாமுவேல்