புள்ளிமான் இறந்ததாக எழுதிய பக்கம்

காக்கா,

இன்று காலை மருமகள் சந்தையிலிருந்து அகத்திக்கீரை வாங்கி வந்தாள். ஆய உட்கார்ந்து ஒரு காம்பை ஒடித்தேன். அந்தப் பச்சை வாடை வந்த பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்வதற்கு எனக்கு வருடக்கணக்கில் அவகாசமும் இருந்தது.

பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பழைய கிட்டங்கி இப்போது இல்லை. ஒரு காலத்தில் சரக்கு அடுக்கியிருந்த அந்த இடத்தில்தான் நீங்கள் மிருகங்களை வைத்திருந்தீர்கள். யுத்தத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய உங்களுக்குப் பஞ்சாயத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். காக்கச் சொன்னது வெறும் கட்டிடத்தை. அடிபட்ட நரி ஒன்றைக் கொண்டு வந்து கட்டினீர்கள். பிறகு இரண்டு குரங்கு, பறக்க முடியாத மயில், ஆமைகள், இலங்கையிலிருந்து யாரோ தோணியில் கொண்டு வந்த பேசும் மைனா என்று சேர்ந்துகொண்டே போனது. ஊர் அதை மிருகக்காட்சிச்சாலை என்றது. பஞ்சாயத்தும் பெருமையாகப் பலகை எழுதி மாட்டியது.

உங்கள் தெருவில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அபிராமத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த நானும் அப்படியே கூப்பிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்தால் உங்களோடுதான் இருப்பேன். நுழைய யாரிடமும் காலணா வாங்கக் கூடாது என்று பிரசிடெண்டிடமே சண்டை போட்டீர்கள். வெள்ளிக்கிழமைகளில் துப்பட்டி போர்த்திய பெண்கள் கூட்டமாக வருவார்கள். உத்தரகோசமங்கைத் திருவிழா சமயத்தில் மாட்டு வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும். ஒரு தடவை உழுது பிழைக்கும் உள்நாட்டுச் சம்சாரி ஒருவர் மிருகங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர் இடிந்த பக்கமாகக் கடலையே பார்த்து நின்றார். அதுவரை கடல் பார்த்ததில்லையாம். "இதுவும் நம்ம காட்சிச்சாலையில சேந்ததுதான் அய்யா, நல்லாப் பாருங்க" என்றீர்கள். அவர் அதை நம்பியே போனார்.

மான் கடைசியாக வந்தது. கடலாடிப் பக்கத்துக் காட்டில் நாய் கடித்துப் போட்ட குட்டி. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் புகட்டி வளர்த்தீர்கள். பெரிதான பிறகு உங்கள் கையிலும் என் கையிலும் மட்டும்தான் கீரை தின்னும். மற்றவர்கள் நெருங்கினால் சுவரோரம் போய் நின்றுகொள்ளும்.

நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு ஊர் அலைந்துகொண்டிருந்த வருடம் அது. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரி மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் பிரசிடெண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஆபீசருக்கு மான்கறின்னா உசுராம். அந்தப் பாயை நாளைக்கு எங்கயாச்சும் அனுப்பிரு."

என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. அந்த ஒரு காரணத்தைத்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். "சரிங்கய்யா" என்றேன்.

விடிந்ததும் உங்களிடம் வந்து, குரங்கின் புண்ணுக்கு ராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரியில் மருந்து வாங்கி வரச் சொன்னேன்.

"புண்ணு ஆறிருச்சே தம்பி."

"எதுக்கும் வாங்கி வச்சுக்குவோம் காக்கா."

"சரி, போயிட்டு வாரேன். மானுக்குத் தண்ணி மட்டும் வச்சிரு. உங்கிட்டதான் அது வரும்."

வந்தது, காக்கா. சமையல்காரர்கள் கயிற்றோடு அரைமணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். நான் ஒரு கொத்து அகத்தியை எடுத்து நீட்டினேன். அது நேராக நடந்து வந்து என் கையில் வாய் வைத்தது. கயிறு விழுந்தபோதும் மென்றுகொண்டிருந்தது.

மத்தியானம் விருந்தில் ஓரமாக எனக்கும் இலை போட்டார்கள். தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பொழுது சாய நீங்கள் மருந்துப் புட்டியோடு வந்தீர்கள். கொட்டடி காலியாகக் கிடந்தது.

"மான் எங்க தம்பி?"

"திடீர்னு வயிறு ஊதிச் செத்துப்போச்சு காக்கா. பொதைச்சாச்சு."

"எங்கன பொதைச்சீங்க?"

பூவரச மரத்தடியைக் காட்டினேன். போய்ப் பார்த்தீர்கள். அங்கே மண் கிளறப்படவே இல்லை. காய்ந்த இலைகள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து, புட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் பிரசிடெண்ட் சொல்லச் சொல்ல, காவலரின் கவனக்குறைவால் கெட்டுப்போன தீனியைத் தின்று மான் இறந்தது என்று பதிவேட்டில் எழுதினேன். உங்கள் கையெழுத்து வேண்டும். மாதாமாதம் நீங்கள் அரபு எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவீர்கள். அதனால் உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று நானாகவே நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் தள்ளினீர்கள்.

"நீயே வாசி தம்பி."

"நோயால் மான் இறந்தது" என்று வாசித்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் காக்கா."

கையெழுத்துப் போட்டீர்கள். பதினைந்து நாளில் அந்தப் பக்கத்தையே காட்டி உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாவிக் கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "மயிலு கால்ல மருந்து போடணும், மறந்துராத" என்றீர்கள். இரண்டு நாள் போட்டேன். பிறகு மறந்தேன். ஒரு வருடத்துக்குள் கூண்டுகள் எல்லாம் காலி. குழாய் வந்தது, என் வேலையும் நிரந்தரமானது. என் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

நீங்கள் பாம்பனில் மச்சான் வீட்டோடு இருந்து வலை பின்னுவதாகக் கேள்விப்பட்டேன். ரயில் ஏறினால் கொஞ்ச தூரம். வரவில்லை. மவுத்தாகிவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் வந்தேன். உங்கள் வீட்டம்மா, கணவர் போன பின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்கள். துக்கம் விசாரித்துவிட்டு, ஏதோ சொல்லத் தொடங்கி, காக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் என்று இழுத்தேன்.

"யாரு சொன்னா?" என்றார்கள். "ரங்கூன்ல கடைக் கடுதாசி பூரா அவுகதான் எழுதுவாக. தமிழ் அச்சு மாதிரி இருக்கும்."

பிறகு அவர்களே மெதுவாகச் சொன்னார்கள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாக. எழுதுனதை நான் வாசிச்சுட்டேன், அந்தத் தம்பி வாயால நெசத்தைச் சொல்லிருவான்னு பார்த்தேன், ரெண்டாவது தடவையும் கேட்டேன்னு."

வேறெதுவும் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு, யார் கையெழுத்துப் போட வந்தாலும் வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக் காட்டாமல் நான் பேனாவை நீட்டியதில்லை. படித்தவர்களுக்கும் வாசித்தேன். ஆபீஸில் சிரிப்பார்கள். அது என் நல்ல குணம் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

பதிவேட்டைத் தேடினேன். கறையான் தின்றுவிட்டது என்றார்கள். திருத்த வழியில்லை. ஆகையால் நீங்கள் அன்று கேட்டதற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மான் நோயில் சாகவில்லை. உங்கள் கவனத்தில் ஒரு குறையும் இல்லை. அதைக் கூப்பிட்டது நான். அறுத்தார்கள். நானும் தின்றேன்.

அம்புட்டுத்தான் காக்கா.