கடித்த கொய்யா

ஷுப்ரா, கெய்ரோ
செப்டம்பர் 14

அன்பு மகள் ஸுஹைருக்கு அப்பா ஷௌக்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவும் உடம்புக்குச் சுகம்தான். எப்போதும் நாங்கள் சுகம் என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிறவன் இந்தத் தடவை இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பதை நீ கவனித்திருப்பாய், நீ ஓவியக்காரி தௌஹீதாவின் மகள், உன் கண்ணுக்கு எது தப்பும். மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மாண்ட்ரியலில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. கொய்யா வந்துவிட்டது, தள்ளுவண்டி தெருமுனையில் திரும்பும்போதே வாசனை மூன்றாம் மாடிக்கு ஏறி வருகிறது. வருஷா வருஷம் கூடை கூடையாக வாங்குகிறவன் இந்த வருஷம் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று போனிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன், உன் குரலைக் கேட்டதும் லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

போன கடிதத்தில் உன் படத்தைக் கேட்டிருந்தாய். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் படியில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு கையில் கொய்யாவோடு நீ உட்கார்ந்திருக்கும் படம். அதை அம்மா வரைந்தபோது நீ பண்ணிய அட்டகாசம் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவள் கவுனை முடித்துவிட்டுக் கைக்கு வருவதற்குள் பழத்தைக் கடித்துவிடுவாய், நான் கீழே ஓடி வேறு பழம் வாங்கி வருவேன், அதையும் கடித்துவிடுவாய். “அடி எருமை, இது வரையிற பழம்டி, திங்கிற பழம் இல்ல” என்று அவள் கத்துவது அடுத்த தெரு வரை கேட்கும். கடைசியில் சலித்துப்போய்ப் பல் பட்ட இடத்தோடு அப்படியே வரைந்துவிட்டாள். பின்னால் ஒரு விமர்சகர் பத்திரிகையில் அந்தக் கடியைப் பசித்த தேசத்தின் குறியீடு என்று எழுத, அம்மா அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள், தேசத்துக்குப் பால்பல் விழுந்த வயசா என்று கேட்டாள். அந்தப் படம் இப்போது இல்லை கண்ணே. விற்கவில்லை, யாரும் திருடவில்லை, இந்த வீட்டிலேயேதான் இருக்கிறது, ஆனாலும் இல்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்.

வசந்தத் திருநாளான ஷம்முன்னஸீம் அன்றுதான் முதலில் தெரிந்தது, எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. வழக்கம்போல் கருவாட்டுக்கும் வெங்காயத்துக்கும் நம் ஓவியர் பிஷாய் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு வயதானாலும் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை, இன்னமும் என்னை மேஸ்திரியைக் கூப்பிடுவதுபோல ‘உஸ்தா’ என்றுதான் கூப்பிடுகிறான், சினிமா பேனர் எழுதினவனுக்கு அது போதும் என்கிறான். அன்றைக்கு அம்மா திருநாள் முட்டைகளுக்குச் சாயம் போடாமல் எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசி ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தாள். என்ன இது என்று கேட்டதற்கு “அடிப்பூச்சு காயட்டும், அப்புறம்தான் வண்ணம்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், அதைக்கூட நான் பார்க்கவில்லை.

நீ பிறப்பதற்கு முந்திய காலத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனது, நல்ல கித்தான் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. மாவுச் சாக்கு, படுக்கை விரிப்பு, படகுப் பாய் என்று கிடைத்ததிலெல்லாம் வரைந்தார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சொந்தப் படம் ஒன்றை எடுத்து, மேலே வெள்ளை அடித்து, காயவைத்து, அதன் மேல் புதிசாக வரைவார்கள். எல்லா ஓவியர்களும் அப்படித்தான் செய்தார்கள். பிஷாய் பாலைவனச் சிறையிலிருந்து வெளியே வந்த வருஷம் தன் பழைய படங்கள் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டுக் கதவுகளை வரையத் தொடங்கினான். மூடிய கதவு, பாதி திறந்த கதவு, கத்தியால் அப்பிய கனத்த வண்ணம், ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. உன் அம்மாவோ ஆட்களைத் தவிர வேறு எதையும் வரைய மாட்டாள், மை தீட்டிய பெரிய கண்ணோடு நேருக்கு நேர் பார்க்கிற பெண்கள், திருவிழாச் சர்க்கரைப் பொம்மைகள், நூபியாக்காரிகள். நிழலே போட மாட்டாள். நெழல் போட்டா பொம்பளைங்க முகத்துல பாதி காணாமப் போயிடும் என்பாள். “உன் கதவைத் தொறந்துக்கிட்டு என்னிக்காவது ஒரு மனுஷன் வருவானா பிஷாய்?” என்று இவள் கேட்பாள், “உன் பொம்பளைங்க மொறைக்கிற மொறைப்புல எவன் வருவான்?” என்று அவன் திருப்பிக் கேட்பான். நாற்பது வருஷமாக இதே சண்டை. ஆனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் வெள்ளை அடிப்பது தன் படத்தின் மேல் மட்டும்தான், அடுத்தவர் படத்தைத் தொடக் கூடாது.

ஜூன் மாதம் இல்ஹாம் என்று ஒரு பெண் வந்தாள், கலைக்கூடத்தில் வேலை, நல்ல பிள்ளை. தௌஹீதாவின் வாழ்நாள் படங்களையெல்லாம் சேர்த்து இலையுதிர் காலத்தில் பெரிய கண்காட்சி வைக்கப் போகிறோம், தேர்ந்தெடுக்க வந்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வேலை செய்யும் அறைக்குள் அவள் கூப்பிடாமல் யாரும் போகக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், நானும் காலையில் காபிக்கடைக்குப் போனால் மதியம்தான் வருவேன். படங்களெல்லாம் வழக்கம்போல் முகம் சுவரைப் பார்க்க அடுக்கி இருந்தன. இல்ஹாம் முதல் படத்தைத் திருப்பினாள், வெள்ளை. அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதோ வெற்றுக் கித்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்க அடுக்கைத் திருப்பினேன். அதுவும் வெள்ளை. தொட்டுப் பார்த்தால் அடியில் அவள் பிரஷ் போன தடம் விரலுக்குத் தெரிகிறது, கண்ணும் கன்னமும் வளையலும் தடவினால் தட்டுப்படுகிறது, பார்த்தால் ஒன்றும் இல்லை. அம்மா எங்கள் பின்னால் நின்றுகொண்டு “எல்லாம் தயாரா இருக்கு, இனிமே வேணுங்கறத வரையலாம்” என்று பெருமையாகச் சொன்னாள். தெற்கே நூபியாவில் அணை கட்டி ஊரெல்லாம் மூழ்குவதற்கு முன்னால் ஓவியர்களைப் படகில் கூட்டிப்போனார்களே, அந்த நூபியாப் படங்களும் போய்விட்டன. அன்று சாயங்காலம் பிஷாய் வந்து பார்த்தான். “தண்ணி ஒரு தடவ முக்கிச்சு, நீ ரெண்டாந்தடவ முக்கிட்டியே தௌஹீதா” என்று கேலியாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் குரல் உடைந்து, சிறையில்கூட அழாதவன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

டாக்டர் அவள் மறதிக்கு ஒரு பெயர் சொன்னார், மருந்து சொல்லவில்லை. தப்பியிருந்த சில படங்களை இல்ஹாமிடம் கொடுத்துப் பத்திரப்படுத்தினேன், கண்காட்சி இல்லை என்று ஆகிவிட்டது. உன் படத்தை மட்டும் கொடுக்கவில்லை, அது படுக்கையறையில் இருந்தது, உனக்குக் கட்டி அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். வெள்ளை டின்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அலமாரிக் கதவைப் பிடித்து ஆட்டி “துணிதான் கெடைக்கல, வெள்ளையுமா நின்னுபோச்சு இந்த நாட்டுல?” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். புதுக் கித்தான் வாங்கிச் சட்டத்தில் அடித்துக் கொடுத்தேன், விரலால் தடவிப் பார்த்துவிட்டு இது யாருடையதோ, எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். சாப்பாடும் இறங்கவில்லை, முலூகியாக் கீரைகூட வேண்டாம் என்றால் பார்த்துக்கொள். அப்போது பிஷாய் என்ன செய்தான் தெரியுமா? தன் கதவுப் படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், சிறைக்குப் பிறகு முதன்முதலில் வரைந்ததும் அதில் இருந்தது. “பழைய துணி கெடைச்சிருக்கு தௌஹீதா, ஆசை தீர அடி” என்று அவள் முன்னால் வைத்தான். அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். “இது பிஷாயோட கை” என்றாள். “அடுத்தவன் படத்துல வெள்ளை அடிக்க நான் என்ன கொலைகாரியா? எடுத்துட்டுப் போ.” எதிரே நிற்கும் கிழவன்தான் பிஷாய் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை, அவன் கை மட்டும் தெரிந்தது. அவன் படியிறங்கிப் போகும்போது, நாற்பது வருஷத்தில் எனக்குக் கெடச்ச பெரிய பரிசு இதுதான் உஸ்தா என்றான்.

அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் போன மாதம் வெள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில்தான் ஒன்றும் மிச்சமில்லையே, வெள்ளையின் மேல் வெள்ளை அடித்தால் அடிக்கட்டும் என்று நினைத்தேன். உன் படத்தைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. ஒரு காலை பால் வாங்கிக்கொண்டு வந்தால் அவள் பாடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது, எவ்வளவு நாளாயிற்று அவள் பாடி. உன் படம் ஓவியத் தாங்கியில் இருந்தது. மஞ்சள் கவுன் ஏற்கெனவே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, “ஸுஹைர் வரப்போறா. அவளை வரையணும். பாரேன், பெத்த பொண்ணோட படம் ஒண்ணுகூட இந்த வீட்ல இல்ல” என்றாள். நான் பாய்ந்து பிரஷைப் பிடுங்கியிருக்கலாம். முகம் அப்போது இருந்தது மகளே, உன் முகம் அப்படியே இருந்தது, அந்த ஓட்டைப் பல்லோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் அவள் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதமாக என் பெயரும் அவள் பெயரும்கூடச் சரியாக வராத வாயில் உன் பெயர் மட்டும் அவ்வளவு தெளிவாக வந்தது. பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். கொய்யாவை அழித்தாள், கையை அழித்தாள், கடைசியாக முகத்தை அழித்தாள். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு, முடியாவிட்டால் திட்டி எழுது, திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே, அதைத் தாங்க மாட்டேன்.

வெள்ளை காய்ந்ததும் வரையத் தொடங்கினாள். கை மறக்கவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன், அவர் தலையாட்டினார். மஞ்சள் கவுன் வந்தது, படி வந்தது, மடியில் இரண்டு கை வந்தது, கை காலியாக இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை மாதிரி வெள்ளையை விட்டுவிட்டாள். அவ வந்ததும் போட்டுக்கலாம் என்கிறாள். தினமும் காலையில் தாங்கிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மெத்தையைத் தட்டி வைத்துவிட்டு, வந்துட்டாளா என்று கேட்கிறாள். நாளைக்கு என்கிறேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவள் தூங்கும்போது உன் போட்டோவைப் பார்த்து நானே முகத்தை எழுதிவிட்டேன். எத்தனை நடிகை முகத்தை நாலு மாடி உயரத்துக்கு எழுதியவன், பெற்ற மகள் முகம் எழுத வராதா என்று ஒரு திமிர். எழுந்து வந்து பார்த்தாள். “யாருடா இந்த நடிகை?” என்று கேட்டாள், “என் படத்துல எவன் கை வச்சது?” என்று டர்பன்டைன் துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, உன் எல்லா முகத்துக்கும் ஒரே மூக்கு ஷௌக்கி என்று அவள் கிண்டல் செய்வாளே, உண்மைதான் போலிருக்கிறது.

ஆகையால் நீ வா. குளிர்காலத்து விடுமுறை, கண்காட்சி என்றெல்லாம் இனிமேல் நாள் பார்க்காதே, இந்த மாதமே வா. எனக்குச் சட்டை, அது இது என்று எதுவும் வாங்கி வராதே. ஒன்று சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள், உன்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் நான்தான் ஸுஹைர் என்று அவளோடு வாதாடாதே, அவள் பயந்துவிடுவாள். படத்துக்கு உட்கார வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார். அவள் பார்த்துப் பார்த்து வரையட்டும். அழாதே, அழுதால் அதையும் வரைந்துவிடுவாள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உனக்கும் உன் வீட்டாருக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும், கடவுள் வழித்துணையாக இருந்து உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வருகிற அன்று ஜன்னலைத் திறந்து, வண்டியை நிறுத்தி, நல்ல பழமாக ஒரு கொய்யா வாங்கி வைக்கிறேன். உட்கார்ந்ததும் கையில் எடுத்துக்கொள். அவள் முகத்தை முடித்துவிட்டு அந்தக் காலிக் கைக்கு வரும் வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கடி. நன்றாகச் சத்தம் கேட்கக் கடி மகளே. எருமை என்று திட்டுகிறாளா பார்ப்போம்.

உன் அப்பா,
ஷௌக்கி