கடைசியாக வாசிக்கும் பேர்

17 மார்ச் 1991, ஞாயிறு. பாளையம்பட்டி.

இரு வீட்டாருக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு நரிக்குடியில் புகுந்த வீட்டார் அக்காவை எங்களுக்குக் கடிதம் போட விடுவதில்லை. ஆனால் அத்தானுக்கு வானொலியில் தன் பேரைக் கேட்க அவ்வளவு ஆசை. வாரம் தவறாமல் பாட்டுக் கேட்டு கார்டு போடுவார். அவர் வீட்டார் பேரையெல்லாம் வாசித்துவிட்டுக் கடைசியில் 'ஸ்டெல்லா' என்று அக்கா பேரைச் சொல்வார்கள். அக்கா நன்றாக இருக்கிறாள் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இனி நேயர் விருப்பம் கிடையாது, இடைவிடாத துள்ளல் பாட்டுகள்தான் என்று இன்று மதியம் அறிவித்துவிட்டார்கள். அம்மா நம்பவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை பாட்டு போடுறாக. ஒரு பேரு சொல்ல அவுகளுக்கு நேரமில்லையாக்கும்?"

"நிகழ்ச்சியவே மாத்திட்டாகம்மா."

"நம்மளக் கேக்காமலா?"

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. நிலையத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று கார்டை எடுத்தேன். எந்தப் பாட்டைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டு வேணாம்னு எழுதுடி. பேரை மட்டும் வாசிக்கச் சொல்லு."

அப்படியே எழுதினேன். வேறென்ன செய்ய.