நாங்கள் சாப்பிட்டுத்தான் போனோம்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. எங்கள் வாரப் பத்திரிகையில் மாணவர் பக்கம் மறுபடியும் தொடங்குகிறது. 'அச்சு ஊடகம் – ஓர் அறிமுகம்' என்று எட்டு வாரத் தொடர். எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார் தவசிமுத்து அண்ணாச்சி. பத்திரிகை அவருடையது, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு வீடாக இலவசமாகப் போகிறது. செய்தி சேகரிப்பதிலிருந்து பிழை திருத்துவதுவரை எல்லாம் நான்தான்.

முதல் பாடம் எழுதி முடித்தேன். அன்றன்று நடந்ததைச் சொல்வது நாளிதழ். கொஞ்சம் நின்று, ஏன் நடந்தது என்று கேட்பது வார இதழ். இன்னும் பொறுத்து அலசுவது மாத இதழ். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களும் வார இதழ்தானே, நின்று என்ன கேட்டிருக்கிறோம்? நகைக்கடைத் திறப்பு விழா எத்தனை மணிக்கு என்று.

ஜூன் 11, புதன்

திருவொற்றியூரில் இறால் உரிக்கும் கொட்டகையில் பதினோரு பெண்கள் மயங்கி விழுந்துவிட்டார்கள். காலை எட்டரைக்குப் பக்கத்து ரசாயனக் கம்பெனியிலிருந்து நெடி வந்ததாம். அதில் ஒருத்தி ரமாபாய், எங்கள் எதிர்வீடு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண் இரண்டும் சிவந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். பேச வாயைத் திறந்தால் இருமல். என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

ஒரு நாளிதழில் ஆறு வரி வந்திருக்கிறது. 'காலை உணவு உண்ணாமல் வேலைக்கு வந்த பெண்கள் மயக்கம்.' கம்பெனி அதிகாரி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறார்கள். நெடி என்ற சொல்லே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருவராவது வந்தார்களா?

ரமாபாய்க்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ – குழாயைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு இட்லி துன்னுட்டுத்தான் போனேன். எழுதிக்கோ கௌசரு. நாலு இட்லி, வடகறி."

எழுதிக்கொண்டேன். அடுத்த கட்டிலில் இருந்த சுகிர்தம் அக்கா, தான் சாப்பிட்டது பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் என்றாள். அதற்கும் அடுத்தவள் டீயில் நனைத்த பொறை பிஸ்கட். ஒருத்தி மட்டும் நோன்பு. அதையும் எழுதச் சொன்னாள். கேலி போலத்தான் ஆரம்பித்தது, கடைசிக் கட்டிலுக்கு வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

டாக்டரிடமும் கொட்டகை மேஸ்திரியிடமும் பேசி எழுதிய செய்தியை முதல் பக்கத்தில் வைத்தேன். அண்ணாச்சி எடுத்துவிட்டார். அந்தக் கம்பெனியின் விளம்பரம் வாராவாரம் கடைசிப் பக்கத்தில் வருகிறது.

"நீ எழுதுனது பொய்யின்னு நான் சொல்லலம்மா. ஆனா விளம்பரம் நின்னா பத்திரிகையே நின்னுரும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்குக் கஞ்சி அனுப்பியவர். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. என் பாடத்தையும் எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, வார இதழ் கேள்வி கேட்கும் என்று பிள்ளைகளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். ஆபீஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை போச்சு. போனா போவுது. இன்னா பண்ணிடுவாங்க?

ஜூன் 14, சனி

பண்ணலாம்தான். யார் யார் என்னென்ன பண்ணலாம் என்று அம்மா பட்டியல் போட்டுச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

நாளிதழ் இல்லை, வார இதழ் இல்லை. அச்சு என்றால் அவ்வளவுதானா? துண்டு நோட்டீசும் அச்சுதான். சுவரொட்டியும் அச்சுதான். என் தொடரில் அவற்றை எட்டாவது வாரத்துக்கு ஒதுக்கியிருந்தேன். கடைசியில் போட்டால் போதும் என்று எனக்குள்ளும் ஒரு திமிர்.

இராயபுரத்தில் உபைதுல்லா பாயின் ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். நான் எழுதிக்கொண்டுபோன நோட்டீசை இரண்டு முறை படித்தார். தலைப்பு: 'நாங்கள் சாப்பிட்டுத்தான் போனோம்.' கீழே நெடி வந்த நேரம், டாக்டர் சொன்னது, பதினோரு பெயர், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அன்று காலை என்ன சாப்பிட்டாள் என்பது. நோன்பு இருந்தவளுக்கு நேராக நோன்பு என்றே.

"அச்சிட்டவர்னு என் பேரு வருமே கௌசரு. நாளைக்கு வூட்டாண்ட வந்து நிப்பானுங்க."

"வெளியிடுபவர்னு மேல என் பேரு கீது பாய், வூட்டு நம்பரோட. மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வருவாங்க."

பாய் பேனாவை எடுத்துப் பெயர்களைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு, பெயர்களை இன்னும் பெரிய எழுத்தில் போடலாம், வயசானவர்களுக்குத் தெரியாது என்றார்.

ஜூன் 18, புதன்

திருவொற்றியூர் தேரடியிலும் டோல்கேட்டிலும் நோட்டீஸ் கொடுத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏழு பேரும் நின்றார்கள். ரமாபாய் இருமிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். கம்பெனி மதில் எதிரே ஒட்டிய சுவரொட்டிகளை மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடியும் ஒட்டினோம்.

கம்பெனி ஆள் ஒருவன் பைக்கில் வந்து, யார் இந்த கௌசர் என்று கேட்டான். நான்தான் என்றேன். விலாசம் அதிலேயே இருக்கிறது என்று சொல்லி ஒரு நோட்டீசை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனான்.

ஜூன் 21, சனி

நோட்டீஸ் தீர்ந்துவிட்டது. யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். எங்களுக்கே ஒன்று கிடைத்தது.

ஜூலை 2, புதன்

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வந்து கம்பெனிக் குழாய்களைச் சோதித்தார்கள். ஒரு வால்வில் விரிசல். சரிசெய்யும்வரை அந்தப் பிரிவை மூடச் சொல்லிவிட்டார்கள். அந்த நாளிதழ் எட்டாம் பக்கத்தில் மூன்று வரி வருத்தம் தெரிவித்திருக்கிறது, பெயர்கள் இல்லாமல். போதாது என்று ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதினோரு கையெழுத்தோடு.

ஜூலை 14, திங்கள்

இப்போது உபைதுல்லா பாயிடம் பக்கம் வடிவமைக்கிறேன். இன்று காலை எண்ணூரிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். பள்ளிக்கூட வாசலை மறித்து கண்டெய்னர் லாரிகளை நிறுத்துகிறார்களாம். பிள்ளைகள் சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து போகிறார்களாம். எல்லா இடத்திலும் மனு கொடுத்துவிட்டார்கள்.

"இங்க நோட்டீசு போட்டுத் தர்றாங்கன்னு சொன்னாங்கோ," என்றாள் ஒருத்தி.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று பேரில் யாரும் அதில் உட்காரவில்லை. என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எத்தனை மணிக்கு, எத்தனை லாரி, எந்த வாசல் என்று கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.