தொண்டை சரியாகத்தான் இருந்தது

இன்று காலை உன் மைக் பெட்டியைத் திறந்ததும் சித்தரத்தை வாசனை குப்பென்று ஏறியது. ஒரு வருஷமாக என் கராஜில், பனிக்குத் தூவும் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டி. உள்ளே உன் மைக், சுருட்டிய ஒயர், நம் பேண்டின் இரண்டாவது சிடி. அடியில் நாலைந்து ஜிப்லாக் பைகள். சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு. எல்லாம் நம் ஊர் பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டிகள் உன் தொண்டைக்குக் கொடுத்த மருந்து. ஒன்றைக்கூட நீ வாயில் போட்டதில்லை. ஒன்றைக்கூடத் தூக்கி எறிந்ததும் இல்லை.

இன்று நீ போய் ஒரு வருஷம். மதியம் உன் வீட்டில் சாப்பாடு என்று நேற்று உன் அம்மா போன் செய்தார்.

"கண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி அவளைப் பத்தி நீ ரெண்டு வார்த்தை பேசு. ஆனா அந்த பேண்டு, பாட்டு எல்லாம் வேண்டாம். நல்லா படிச்சா, நல்ல வேலையில இருந்தா, அது போதும்."

"சரிங்க ஆன்ட்டி" என்றேன். அந்தச் 'சரி'யை நினைத்து ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பள்ளி நாட்களில், ஊர்த் தமிழர்கள் நடத்திய அந்தப் பொங்கல் விழாவில் ஆரம்பித்தது. ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது உனக்கு. பக்திப் பாடல் என்று உன் பெயரை உன் அம்மா கொடுத்துவிட்டார். பட்டுப்பாவாடையில் நின்று இரண்டாவது வரியில் குரலை உயர்த்தினாய். சரளைக்கல்லில் கார் டயர் ஏறுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. பள்ளி அரங்கமே திகைத்தது. பாட்டு டீச்சர் "குரல் கெட்டுப்போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல, அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் டாக்டர். பிறந்தநாள் பார்ட்டியில், கொலுவில், ஒவ்வொரு ஆன்ட்டியும் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுப்பார். நிஜ டாக்டர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்றார். அம்மா டாக்டரை மாற்றினார்.

அப்புறம் ஒரு நாள் பள்ளி பஸ்ஸில் யாரோ கிரஞ்ச் பாட்டு கேசட் கொடுத்தார்கள். இருமுகிற கிட்டார், தொண்டை கிழியக் கத்தும் ஆட்கள். ஹெட்போனின் ஒரு காதை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏய், இவங்க எல்லாருக்கும் என் தொண்டைடி!" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்தான் நம் இடம். ஆள் இல்லாததால் பேஸ் கிட்டாரை என் கழுத்தில் மாட்டினாய். உன் வகுப்புப் பையன் ஒருவன் டிரம்ஸோடு வந்தான். பகலெல்லாம் ஆபீஸில் சாப்ட்வேர் டெஸ்டிங், சாயங்காலமானால் ஏதாவது ஒரு பார் மேடை என்று பல வருஷம் ஓட்டினாய். டெக்சாஸ் தாண்டி மேற்குக் கரை வரை ஓட்டை வேனில் போனோம். குபெர்டினோவில் என் சித்தப்பா வீட்டு கராஜில் படுத்துக்கொண்டு, காலையில் சித்தியின் இட்லியை ஆளுக்குப் பத்து உள்ளே தள்ளினோம். அங்கேதான் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி ஆள் வந்தான். புடவை கட்டிக்கொள், பொட்டு வை, நடுவில் கொஞ்சம் ஆலாபனை மாதிரி இழு, உன்னை எங்கேயோ கொண்டுபோகிறேன் என்றான்.

"எனக்குக் கோவம் வருது, அதைப் பாடுறேன். கோவத்துக்கு என்ன டிரஸ்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாய். அவன் உன்னை எங்கேயும் கொண்டுபோகவில்லை. நீயும் ஒரு நாள்கூட அதற்காக வருத்தப்படவில்லை.

நான்தான் சறுக்கினேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், இரண்டாவது சிடி வரவிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுல இன்டர்நெட்ல தேடிப் பார்ப்பாங்க. என் பேரை எடுத்துடுறியா?" என்றேன். "சரி. ஆனா அந்த இடத்துல வேற பேரு போட மாட்டேன்" என்றாய். சிடி அட்டையில் 'பேஸ் கிட்டார்' என்று போட்டு, எதிரே வெறும் கோடு. கல்யாணமும் நடந்தது. என் கணவர் அந்த சிடியைக் காரில் போட்டுக் கேட்டபோதுகூட அதில் வாசித்தது நான் என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கோழை.

உனக்குக் கணையத்தில் கேன்சர் வந்தது. தொண்டையில் இல்லை, கணையத்தில். அப்படியும் "கத்திக் கத்தியே உடம்பைக் கெடுத்துக்கிட்டா" என்றார்கள். வேறு சிலர் போதை என்று கிசுகிசுத்தார்கள். காபியைத் தவிர உனக்கு என்ன போதை இருந்தது?

இன்று மதியம் அதே பேஸ்மென்டில் போய் நின்றேன். இப்போது கார்ப்பெட் போட்டிருக்கிறார்கள், உன் அப்பா கரோக்கி பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். கரோக்கி மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு உன் மைக்கை மாட்டினேன். "நல்லா படிச்சா" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

"அவ பாடகி. இந்த ரூம்லதான் பாடினா. அவ பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சது நான்" என்றேன்.

அப்புறம் சிடியிலிருந்து உன் பாட்டைப் போட்டேன். கடைசி வரிகள் வந்தபோது எனக்கு என்ன ஆனதோ, நானும் சேர்ந்து கத்தினேன். பாடவே தெரியாத நான். இரண்டு அங்கிள்கள் மாடிக்குப் போய்விட்டார்கள்.

உன் அம்மா என்னைக் கிச்சனுக்குக் கூப்பிட்டார். "உன்னை நம்பித்தானே மைக் குடுத்தேன்?"

"அவளும் நம்பித்தான் கிட்டார் குடுத்தா ஆன்ட்டி. அவளை ஒரு தடவை ஏமாத்திட்டேன். இன்னொரு தடவை முடியாது."

சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த இங்கிலீசு எனக்குப் பிடிபடல. என்னதான் சொல்றா அதுல?"

"'என் தொண்டை சரியாத்தான் இருக்கு. உங்க காதைப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு."

"என்னையா சொல்றா?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"திமிரு புடிச்சவ" என்றார். உடைந்து அழுதார். நானும் அழுதேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "கத்தி உனக்கும் தொண்டை கட்டிருச்சே கண்ணு" என்று ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து சிடி அட்டையில் அந்தக் கோட்டின் மேல் பேனாவால் என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு. என் குரல் கரகரவென்று கிடக்கிறது. உன் அம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் உன் மைக் பெட்டியில், உன் பைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். நானும் அதில் ஒரு துண்டைக்கூட வாயில் போடப்போவதில்லை.