அலகும் ஊசியும்

மாசி 3, ஞாயிறு

விடியலில் உறைபனி. கொத்தமல்லிப் பாத்தி கருகிக் கிடக்கிறது. பால் கணக்கு நேர்.

செவ்வாய்க்கிழமை மலை இறங்கித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது மார்பில் இருக்கிற கட்டிக்குள் ஊசி விட்டுச் சதை எடுப்பார்களாம். அதைச் சோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியுமாம். கேன்சர் என்று டாக்டரம்மா வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை எழுதுவதே இப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஊசிப் படம் மட்டும் புரிந்தது. நீளம்.

பயமாக இருக்கிறது என்றதும் இவர் சிரித்தார். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் வருஷா வருஷம் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிற மனுஷர். "வெரதம் இருந்து, துன்னூறு பூசி, அவனை நெனச்சா எந்தக் கம்பியும் வலிக்காது புள்ள."

சரி. விரதம். பாலும் பழமும்.

மாசி 6, புதன்

மூடுபனி. நேற்று எழுதக் கை வரவில்லை.

மலை இறங்கும்போது வெறும் வயிற்றில் வாந்தி. சாப்பிட்டுவிட்டு வரும்படி நர்ஸ் முன்னமே சொல்லியிருந்தாள். விரதம் என்று அவளிடம் சொல்லவில்லை. மார்பில் திருநீறு அப்பியிருந்தேன். "என்னக்கா இது, பவுடரா?" என்றாள். துடைக்கத் துடைக்கப் பஞ்சில் சாம்பல்.

முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. சுள்ளென்று. பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பெரிய ஊசி. வலித்தால் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா, மருந்து கூட்டிப் போடுவாராம். திரும்பத் திரும்பக் கேட்டார். அலகு குத்தும்போது யாராவது வலிக்கிறது என்பார்களா? இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வலித்தது. மேலே மரத்திருந்தது, உள்ளே இல்லை. டப் என்று சத்தம். உள்ளிருந்து குறடு போட்டுப் பிடுங்கினாற்போல். முருகா முருகா. அடுத்த டப்புக்கு முன் கண் இருட்டிவிட்டது.

விழித்தபோது வாயில் சர்க்கரைத் தண்ணீர். எடுத்த சதை போதாதாம். அடுத்த செவ்வாய் மறுபடி.

இவருக்கு வலிக்காது. எனக்கு வலித்தது. அப்படியென்றால் அவன் என்னைக் கைவிட்டுவிட்டான். கைவிட்டான் என்றால் இது கெட்ட கட்டிதான்.

குடம் தூக்கக் கூடாது. இவர் தூக்குகிறார்.

மாசி 8, வெள்ளி

வெயில் லேசாக. விளக்கு ஏற்றினேன். முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு பேரும் பிடுங்கிய பூண்டில் தாளை அறுத்துக்கொண்டிருந்தோம். என்ன சோலியாக இருந்தாலும் பாதியில் கை நின்றுவிடுகிறது. என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன், வலித்ததை, அவன் கைவிட்டதை. இவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"என்னைக்குப் புள்ள வலிக்காம இருந்துச்சு? உசுரு போகும். சுத்தி நிக்கிறவக வேல் வேல்னு கத்துறதுல நான் கத்துறது வெளிய கேக்காது. அம்புட்டுதேன்."

"பெறகு ஏங்க வலிக்காதுன்னு சொன்னீங்க?"

"சாமி காரியம். வலிச்சுச்சுன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

கோபம். கல்யாணமான நாளிலிருந்து நம்பியிருக்கிறேன். பொழுது சாயும்வரை பேசவில்லை. ஆனால் இரண்டு தோசை சாப்பிட்டேன். முருகன் படத்தையும் நிமிர்ந்து பார்த்தேன்.

மாசி 13, புதன்

பனி இல்லை, காற்று. மார்பில் கன்றிப்போய் நீலம்.

நேற்று வத்தலக்குண்டில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டே போனேன். திருநீறு நெற்றியோடு சரி. பயம் மட்டும் போன தடவையைவிடக் கூட. என்ன வரும் என்று இப்போது தெரியுமே.

பெரிய ஊசி உள்ளே போனதும், "வலிக்குது டாக்டர்" என்றேன். உடனே நிறுத்திவிட்டார். மறுபடி மருந்து. பொறுத்திருந்து தொட்டுப் பார்த்தார். பிறகு டப். அழுத்தம்தான் தெரிந்தது. வலியே இல்லை என்று எழுதமாட்டேன். தாங்குகிற வலி.

கடைசி டப்புக்குப் பயத்தில் "முருகா" என்று கத்திவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இவர், "வேல் வேல்". ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். காவல்காரர் அதட்டுகிறார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எனக்கும் வயிறு குலுங்கியது. "சிரிக்காதீங்கம்மா, ஊசி இன்னும் உள்ள இருக்கு" என்றார் டாக்டரம்மா.

சதை போதுமாம். குப்பியில் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி. அதற்குள் என்ன எழுதியிருக்கிறானோ.

மாசி 18, திங்கள்

மறுபடி பனி. ரிப்போர்ட் இன்று. வெள்ளனே கிளம்ப வேண்டும். கோழிக்குத் தீனி வைத்தாயிற்று. சாவி பக்கத்து வீட்டில்.

வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் அவனிடம் சொன்னேன். வாய்விட்டு.

நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். இவர் தொடவில்லை. பசிக்கவில்லையாம். நெற்றி, கை, மார்பு எல்லாம் திருநீறு.

இவருக்குத் தூக்குவாளியில் நான்கு இட்லி வைத்திருக்கிறேன். பஸ் வந்துவிட்டது